தேக்கில் வராத சுழற்சி சீமைக்கருவேலத்தில் வந்தது: ஒரு மர யோயோ செய்த கதை

நேற்று இரவு எட்டரை மணிக்கு, கடை ஷட்டரை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மூன்றாவது யோயோ 8 நொடி கீழேயே நின்று சுழன்றது. மணிக்கட்டை லேசாகச் சுண்டியதும் நூலில் ஏறி உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. ஐந்து முறை எறிந்து பார்த்தேன், நான்கு முறை வந்தது. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் தொடங்கிய வேலை இது. இடையில் பத்து வாரம் ஓடிவிட்டது. அளவெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

காரைக்குடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மரவேலை எனக்குத் தொழில் இல்லை. ஆனால் வெர்னியர், டிரில், வைஸ், காப்பர் கம்பி நிறுக்கும் டிஜிட்டல் தராசு, சுற்று எண்ணும் கவுண்ட்டர் வைத்த வைண்டிங் மெஷின் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இந்த வேலைக்கு இவை எல்லாமே பயன்பட்டன.

தொடங்கி வைத்தது என் அக்கா மகன். திருச்சியிலிருந்து திருவிழாவுக்கு வந்தவன், குன்றக்குடி அடிவாரக் கடையில் 40 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் யோயோ வாங்கினான். எறிந்தால் கீழே போகும், போன வேகத்தில் மேலே வரும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. “மாமா, வீடியோவுல அது கீழேயே நின்னு சுத்துது. இது ஏன் நிக்க மாட்டேங்குது?” என்று கேட்டான்.

பிரித்துப் பார்த்தேன். இரண்டு வில்லை, நடுவில் அவற்றைச் சேர்க்கும் அச்சு, அதில் சுற்றிய நூல், அவ்வளவுதான். நூலை அச்சில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். நூலும் அச்சும் ஒன்றாகிவிட்டால் நின்று சுழல வழியே இல்லை. முடிச்சுப் போடாமல் நூலை வெறும் வளையமாக அச்சில் மாட்ட வேண்டும். அப்போதுதான் நூல் முழுக்க அவிழ்ந்த பிறகும் அந்த வளையத்துக்குள் அச்சு வழுக்கிச் சுழலும். யோயோ ஆடுகிறவர்கள் இதைத் தூங்குவது என்கிறார்கள். நம் ஊரிலும் பம்பரம் அசையாமல் சுற்றினால் தூங்குகிறது என்றுதான் சொல்வோம். வளையம் போட்ட யோயோவை அமெரிக்காவில் பரப்பியவர் பெட்ரோ ஃப்ளோரஸ் என்ற பிலிப்பைன்ஸ்காரர். 1928-இல் கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் கம்பெனி தொடங்கினார். அடுத்த சில வருடங்களில் டொனால்ட் டங்கன் அந்தத் தொழிலை வாங்கிப் பெரிதாக்கினார். டங்கன் கம்பெனியின் பழைய யோயோக்கள் மேப்பிள் மரத்தில் கடைந்தவை.

முடிச்சை அவிழ்த்து வளையம் போட்டுக் கொடுத்தேன். அப்போதும் ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை. தராசில் வைத்தால் 28 கிராம். இந்த எடைக்கு இவ்வளவுதான் என்று தோன்றியது. அவன் கண்ணில் தெரிந்த ஏமாற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. மரத்தில் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

செட்டிநாட்டில் மரம் என்றதும் பர்மா தேக்குதான் நினைவுக்கு வரும். முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய வீடுகளைப் பிரித்த சாமான் விற்கும் கடையில் ஒரு ஜன்னல் சட்டத் துண்டு வாங்கினேன். 60 மி.மீ சதுரம், ஒரு முழ நீளம், 120 ரூபாய். எத்தனை வருடம் வெயிலும் மழையும் பார்த்த கட்டையோ, மேலே சாம்பல் நிறம். ஓர் ஓரத்தை இழைத்ததும் தேன் நிறமும் அந்தத் தோல் வாசனையும் வந்தன. இதற்கு மேல் நல்ல மரம் ஏது என்று நினைத்துவிட்டேன்.

கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணனிடம் கொண்டு போனேன். கட்டில் கால், ஊஞ்சல் பலகைக்குக் கைப்பிடி என்று கடைபவர். சின்ன வயதில் எங்களுக்கெல்லாம் பம்பரம் கடைந்து கொடுத்ததும் அவர் பட்டறைதான். காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன்: விட்டம் 56 மி.மீ, நடுவில் 3 மி.மீ இடைவெளி, அதற்குள் 8 மி.மீ அச்சு. “ஒரே கட்டையிலேயே எடுத்துரலாம் தம்பி, ஒட்டு எதுக்கு?” என்றார். எனக்கும் சரி என்று பட்டது. முதல் தவறு அது.

3 மி.மீ அகலத்தில் 24 மி.மீ ஆழத்துக்குப் பள்ளம் இறக்க வேண்டும். அவரிடம் இருந்த ஒடுக்கமான உளியே 4 மி.மீ. உள்ளே போகப் போக உளி அதிர்ந்தது. முடித்து அளந்தால் வாய்ப்பக்கம் 5 மி.மீ, அடியில் 4. அந்த ஆழத்தில் உப்புத்தாளும் நுழையவில்லை, அச்சு சொரசொரவென்று இருந்தது. எடை 41 கிராம். பார்க்க அழகு, ஆட உதவவில்லை. எறிந்தால் இரண்டு நொடி நிற்கும், சுண்டினால் மேலே வராது. இடைவெளி அகலமாகிவிட்டதால் நூல் பக்கச் சுவரில் உரசிப் பிடிக்கவில்லை. வளையத்தை அச்சில் இரண்டு சுற்றாகப் போட்டுப் பார்த்தேன். இப்போது மேலே வந்தது, ஆனால் தூங்கவில்லை. நான்கு நாளில் சொரசொரப்பான அச்சு மூன்று நூலை அறுத்தது. கடைசல் கூலி 150.

இரண்டாவது முறை இரண்டு வில்லைகள் தனியாக, நடுவில் தனி அச்சு. மீதித் தேக்கிலேயே ஆசாரி அண்ணன் வில்லைகளைக் கடைந்து கொடுத்தார், 200 ரூபாய். அச்சுத் துளையை நான் கடையில் கை டிரில்லால் போட்டேன். மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர்தான் விலகியிருந்தது. சுழலும்போது யோயோ முழுக்கத் தலையாட்டியது, நூல் ஒரு பக்கச் சுவரில் உரசி உடனே மேலே இழுத்துக்கொண்டது. வில்லை கடைசலில் மாட்டியிருக்கும்போதே அதே மையத்தில் துளையையும் போட்டுவிட வேண்டும். மறுபடி பட்டறைக்குப் போய், துளையில் முளை அடித்து அடைத்து, மையம் பார்த்துப் புதிதாகப் போட்டு வந்தேன். அண்ணன் அதற்குக் காசு வாங்கவில்லை.

அச்சுக்குக் காய்ந்த கொய்யாக் குச்சி. இதை எப்படி உருட்டையாக்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். காப்பர் கம்பியை இழுத்து மெல்லிசாக்குவது போல் செய்தால் என்ன என்று தோன்றியது. 5 மி.மீ இரும்புப் பட்டையில் 10, 9, 8 மி.மீ என்று மூன்று துளை போட்டு, குச்சியை ஓரளவு சீவி ஒவ்வொரு துளையாகச் சுத்தியலால் தட்டி இறக்கினேன். மூன்றாவது துளையிலிருந்து சுத்தமான 8 மி.மீ உருளையாக வெளியே வந்தது. இந்த வேலையில் முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது இது ஒன்றுதான்.

ஒட்டியதில்தான் சறுக்கினேன். சாதாரண வெள்ளை மரப்பசை போட்டு ஒரு ராத்திரி வைஸில் பிடித்து வைத்தேன். மே மாதம் அக்கா மகன் மறுபடி வந்திருந்தான். அடுத்த தெரு ஆச்சி வீட்டுக்கு மோட்டார் மாட்டப் போனபோது அவனும் கூட வந்தான். வேலை முடிந்ததும் முகப்பில் நின்று எறிந்து காட்டினேன். நான்காவது எறிதலில் ஒரு வில்லை கழன்று பறந்து ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தது. வில்லையின் விளிம்பு உடைந்தது, பூ வேலை செய்த கல்லில் ஒரு மூலை பொரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆச்சி ஓடி வந்து முதலில் பையனின் காலைப் பார்த்தார்கள். “கல்லு போனாப் போகுதப்பு, பிள்ளை மேல படலையே” என்றார்கள். அதற்குப் பிறகு புது யோயோவை மொட்டை மாடியில், பக்கத்தில் யாரும் இல்லாமல் இருபது முறை எறிந்து பார்த்த பிறகே அவன் கையில் கொடுக்கிறேன்.

ஒட்டு ஏன் விட்டது என்பதை ஆசாரி அண்ணன் உடனே சொல்லிவிட்டார். தேக்குக்குள் எண்ணெய்ப் பசை இருக்கிறது. கரையான் அண்டாததற்கு அதுவும் ஒரு காரணம், ஆனால் அந்த எண்ணெய் பசையை உள்ளே இறங்க விடாது. ஒட்டுவதற்கு முன்னால் தின்னர் தொட்டுத் துடைத்து, உடனே ஒட்ட வேண்டும். அப்புறம் அவர் சொன்னதுதான் முழு வேலையையும் திருப்பியது: “பர்மாத் தேக்கு தூணுக்கும் கதவுக்கும் தம்பி. சுத்துற சாமானுக்குக் கனம் வேணும். விறகுக் கடையில கிடக்கு பாருங்க, வைரம் பாஞ்ச சீமைக்கருவேலம். அதுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

நம் பக்கம் கண்மாய்க் கரை முழுக்க நிற்கும் மரம். விறகாக எரிப்பதையும் கரிமூட்டம் போடுவதையும் தவிர அதற்கு வேறு மதிப்பு யாரும் கொடுப்பதில்லை. முதலில் அவசரப்பட்டு, புதிதாக வெட்டிய கட்டையிலிருந்து இரண்டு வில்லை அறுத்து வந்தேன். ஆறாம் நாள் நடுவிலிருந்து விளிம்பு வரை கோடு கிழித்தது போல் வெடித்திருந்தது. அதன் பிறகு, கடைக்கு எதிரே உள்ள டீக்கடை விறகுக் குவியலில் போன வருடக் கட்டை ஒன்றைத் தேடி எடுத்தேன். தொடைப் பருமன். வெளிப்பக்கம் பூச்சி அரித்திருந்தது, உள்ளே சிவப்பு கலந்த காவி நிறத்தில் வைரம். டீக்கடை அண்ணன் 20 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கடைசலில் ஏற்றியதும் சத்தமே வேறாக இருந்தது. தேக்கு சுருள் சுருளாக உதிர்ந்தது. இது தூளாகப் பறந்தது, உளியை இரண்டு முறை தீட்ட வேண்டியிருந்தது. வந்த வில்லைகள் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஒவ்வொன்றும் 56 மி.மீ விட்டம், நடுவில் 15 மி.மீ தடிமன், விளிம்பு உருட்டியது. துளை 8 மி.மீ, ஆழம் 10 மி.மீ, மறுபக்கம் வெளிவராதபடி. அச்சின் நீளம் 23 மி.மீ. இரண்டு பக்கமும் பத்துப் பத்து உள்ளே போனால் நடுவில் 3 மீதி.

தராசில் ஒரு வில்லை 26.8 கிராம், மற்றது 25.5. கனமானதை உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து 25.5-க்குக் கொண்டு வர அரை மணி ஆயிற்று. காப்பர் கம்பியில் ஒரு கிராம் வித்தியாசம் எனக்கு ஒன்றுமில்லை. இங்கே அந்த ஒரு கிராமுக்கே யோயோ சாய்ந்து சாய்ந்து சுற்றும். அச்சோடு சேர்த்து மொத்தம் 52 கிராம்.

இந்த முறை இரண்டு ட்யூப் கலந்து போடும் எபாக்சி, 60 ரூபாய். துளையின் அடியில் மட்டும் ஒரு தீக்குச்சி முனையளவு. அச்சின் நடுப்பகுதியில் பசை படவே கூடாது, பட்டால் நூல் அங்கே மாட்டிக்கொள்ளும். இடைவெளிக்கு ஒரு ரூபாய் நாணயங்களைப் பயன்படுத்தினேன். இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்து அளந்தால் கிட்டத்தட்ட 3 மி.மீ. அச்சுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, பசை ஒட்டாமலிருக்க லேசாக எண்ணெய் தொட்டு, வைஸில் மெதுவாக இறுக்கி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் நாணயங்களைத் தள்ளி எடுத்து, எண்ணெயைத் துணியால் துடைத்தேன். சுற்றிலும் நாலு இடத்தில் அளந்தேன். எல்லா இடமும் ஒரே அளவு. அன்று காலை டீ ரொம்ப ருசியாக இருந்தது.

வெளிப்பக்கத்துக்கு மட்டும் கடையில் இருக்கும் வார்னிஷ் ஒரு பூச்சு. அச்சுக்கு ஒன்றும் இல்லை.

மரம் சரியானதும் நூல் மக்கர் செய்தது. முதலில் கையில் கிடைத்த நைலான் நூல். நாலைந்து எறிதலில் அச்சோடு உரசிச் சூடாகி, வளையம் இளகி ஒட்டிக்கொண்டது. விரலிலும் கீறல். மர அச்சுக்குப் பருத்தி நூல்தான் தாங்கும். பம்பரச் சாட்டை தடிமன் அதிகம், இடைவெளிக்குள் நுழையாது. மனைவி பூக் கட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது அந்த நூல்கண்டு. மெல்லிய பருத்தி, கண்டு 30 ரூபாய், ஒரு கண்டில் எத்தனையோ நூல் முறுக்கலாம்.

முறுக்குவது இப்படி. 2.6 மீட்டர் நீளத்தில் நாலு இழை. ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையை வைண்டிங் மெஷினின் அச்சில் மாட்டி, கவுண்ட்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்துச் சுற்ற வேண்டும். அப்புறம் நடுவில் ஒரு கொக்கியை மாட்டி இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால், இரண்டு பாதியும் தானாகப் பின்னிக்கொண்டு எட்டு இழைக் கயிறாகிவிடும். மடித்த இடத்தில் இரண்டு புரியையும் விரித்தால் அதுவே அச்சுக்கான வளையம். முடிச்சே தேவையில்லை. 300 சுற்றில் கயிறு தொளதொளவென்று இருந்தது, வளையம் அகன்று யோயோ தூங்கியதே தவிர எழவில்லை. 900-இல் கயிறு தானாகச் சுருண்டு முடிச்சு முடிச்சாக விழுந்தது. 600-இல் சரியாக அமைந்தது. மழை வந்து காற்றில் ஈரம் ஏறினால் இந்த எண் மாறலாம், பார்க்க வேண்டும்.

கயிற்றின் நீளத்துக்கு ஆடுகிறவரின் தொப்புள்தான் கணக்கு. யோயோவைத் தரையில் விட்டு, நூலைத் தொப்புள் வரை பிடித்து, அங்கே வெட்டி விரலுக்கு ஒரு சுருக்குப் போட வேண்டும். அக்கா மகனுக்கு 82 செ.மீ, எனக்கு 104. நடுவிரலின் முதல் கணுவுக்கு மேல் மாட்ட வேண்டும். உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும். யோயோ விரல் நுனி வழியாக உருண்டு இறங்கும்படி, நூல் மேல்பக்கத்திலிருந்து புறப்பட வேண்டும். நான் முதல் வாரம் முழுக்கக் கையைக் கவிழ்த்து வைத்து வெறுமனே கீழே விட்டுக்கொண்டிருந்தேன். யோயோ கீழே விழுந்தால் மட்டும் போதாது, முழங்கையை மடித்துத் தோளிலிருந்து எறிய வேண்டும். ஆசாரி அண்ணன் கையில் கொடுத்ததும் பம்பரம் விடுகிற மாதிரியே மேலிருந்து வீசினார். முதல் எறியிலேயே 5 நொடி தூங்கியது. “சாட்டை கையிலயே இருக்கு, பம்பரமும் கையிலயே இருக்கு” என்று வியந்துபோய் அரை மணி நேரம் பட்டறையை மறந்து நின்றார். பம்பரத்தில் அபீட் எடுத்தாலொழிய, அதாவது சாட்டையால் சுண்டி மேலே தூக்கிப் பிடித்தாலொழிய, அது நம் கைக்குத் திரும்பாது. இது சுண்டினாலே திரும்பி வருகிறது.

இப்போது எனக்கு இதுவே பொழுதுபோக்கு. ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிக் காய வைத்தால் கைக்கு வேலை இருக்காது. முன்பெல்லாம் அந்த நேரம் போனில் போகும். இப்போது கடை வாசலில் நின்று பத்து எறி. 8 நொடி என்பது பெரிய கணக்கில்லை. பேரிங் வைத்த யோயோக்கள் நிமிடக் கணக்கில் தூங்கும். ஆனால் அவற்றில் பல, வெறுமனே சுண்டினால் வராது, அதற்கென்று தனியாக ஒரு வித்தை பழக வேண்டும். மர அச்சில், சுழற்சி தீரப்போவதை நூல் வழியாக விரல் உணர்கிறது. அந்த நொடியில் சுண்ட வேண்டும், ஒரு கணம் தாமதித்தால் கட்டையாகத் தொங்கும். அந்த நொடியைப் பிடிப்பதற்காகவே மறுபடி மறுபடி எறிகிறேன். அக்கா மகன் விடுமுறை முடிவதற்குள், இரண்டாவது யோயோவைத் தின்னர் துடைத்து மறுபடி ஒட்டிக் கொடுத்ததில், நூலை முக்கோணமாகப் பிடித்து நடுவே தொட்டில் ஆட்டும் வித்தையைப் பழகிவிட்டான்.

செலவு: தேக்கு 120, மரவிறகு 20, கடைசல் மூன்று முறைக்கு 150, 200, 200, எபாக்சி 60, நூல் 30, உப்புத்தாள் 20. மொத்தம் 800. மூன்றாவதை மட்டும் கணக்கிட்டால் 330, அதிலும் எபாக்சியும் நூலும் இன்னும் மீதி இருக்கின்றன. ஆச்சி வீட்டுக் கல்லைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆத்தங்குடியில் அதே பூ வேலைக்கு ஒரு கல் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய நிறத்துக்கு ஒத்து வருமா என்று கொண்டு வந்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்ததில் இரண்டு மாற்றம். ஒன்று அச்சு. நூல் உரசி உரசி மர அச்சு தேயும், இப்போதே நடுவில் 7.8 மி.மீ காட்டுகிறது. ஒட்டிவிட்டதால் மாற்ற முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் கூன் என்ற பல் மருத்துவர் 1978-இல் கழற்றி மாட்டும் மர யோயோ கொண்டு வந்தார். நடுவில் ஒரு போல்ட், அதன் மேல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் மரக் குழல். 4 மி.மீ போல்ட்டும் கொய்யாக் குச்சியில் நடுத்துளையும் போட்டால் நம்மாலும் முடியும் என்று நினைக்கிறேன், குச்சி பிளக்காமல் துளை போடுவதுதான் சிரமம். இரண்டு, வில்லையின் வெளிமுகத்தை நடுவில் குழிவாக்கி விளிம்பைக் கொஞ்சம் தடிமனாக்குவது. கனம் ஓரத்துக்குப் போனால் இன்னும் இரண்டு மூன்று நொடி கிடைக்கும்.

அதே விறகுக் கட்டையில் இன்னும் அரை முழம் மீதி இருக்கிறது. இரண்டு முனையிலும் மெழுகு தடவி, கடை பரணில் நிழலில் போட்டு, மேலே சாக்பீஸால் தேதி எழுதியிருக்கிறேன். தீபாவளி வரை தொடப் போவதில்லை. அதற்கு முன்னால் திருச்சிக்கு 82 செ.மீ-இல் ஆறு நூல் அனுப்ப வேண்டும், இருந்த இரண்டும் அறுந்துவிட்டன என்று காலையில் போன் வந்தது.